மாதாவின் கழுத்தில் ஏழு ஓட்டை

பேராசிரியர் எலிசா ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆர்த்திகா பன்னிரண்டுக்கே லவாலில் வந்து இறங்கிவிட்டாள். சிவநேசம் மாமாவின் வீட்டை அவளுக்குத் தெரியும். அங்கே எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

இரவு முழுக்க டொர்வால் கிடங்கில் பார்சல் பிரித்துவிட்டு, அறைக்குப் போய் இரண்டு மணித்தியாலம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டுப் புறப்பட்டவள், மெட்ரோவில் நின்றபடியே தூங்கினாள். மொன்மொரன்சியில் பஸ் மாறி, மார்ச் மாதத்துப் பனி பாதி உருகிப் பாதி இறுகிக் கிடந்த நடைபாதையில் இரண்டு தரம் சறுக்கி, வாயில் வந்த கெட்ட வார்த்தையைச் சொல்லி, மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த புஷ்பவதி மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பேயடிச்ச ஆள் மாதிரி நிக்கிறாய்? சாப்பிட்டனியோ?"

"பேந்து சாப்பிடுறன் மாமி. படத்தைத் துடைக்கேல்லைத்தானே?"

"நீ போனமுறை கத்தின கத்துக்குப் பிறகு ஆர் துடைக்கிறது? பூ மட்டும் வைச்சனான்."

"பொட்டு?"

"பொட்டில்லாமல் எப்பிடிப் பிள்ளை? பொம்பிளைத் தெய்வமெல்லே."

சாமி அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிதான். முந்தைய வீட்டுக்காரர் பனிச்சறுக்குச் சாமான் வைத்திருந்த இடம். மாமா கதவைக் கழற்றி, தட்டு அடித்து, சின்ன மின்விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் மாதா இருந்தார். மரப்பலகையில் வரைந்த படம். இரண்டு சாண் உயரம், ஒன்றரைச் சாண் அகலம். நீல மேலங்கி கறுத்துப்போன ஒரு பெண், கண்ணைத் தாழ்த்தி மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளுடைய பெருவிரலைப் பிடித்திருந்தது.

லொங்குய்யில் ஒரு கன்னியர் மடத்தைக் கட்டட முதலாளிகளுக்கு விற்றபோது, பதினெட்டு வருடம் அங்கே நிலம் துடைத்த சிவநேசத்துக்கு மடத்துத் தலைவி கொடுத்துவிட்ட படம் அது. பின்பக்கத்தில் இத்தாலியின் அன்கோனாத் துறைமுகத்துச் சுங்கச் சீட்டு ஒன்று அரைவாசி கிழிந்து ஒட்டியிருந்தது. மாமி இரண்டாம் முறை யோசிக்கவில்லை. ஊரில் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்த குடும்பம். இங்கேயும் மாதா வந்தார், உட்கார்ந்துகொண்டார்.

அதை வரைந்தவர் வெந்தூரா என்று ஆர்த்திகா சொன்னாள். வெந்தூரா தா கஸ்தெல்பியூமே. ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி இத்தாலியின் கிழக்குப்பக்க மலையூர் ஒன்றில் இருந்த ஓவியர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உலகத்தில் ஒன்பது பேர் இருக்கலாம். அதில் ஆறு பேர் அப்படி ஒரு ஆள் இருந்ததையே நம்பவில்லை. கையொப்பம் போட்ட படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது; அந்தக் கையொப்பமும் பின்னால் யாரோ எழுதியது என்றார்கள். அவரைப் பற்றி ஆர்த்திகா நாலு வருடம் ஆராய்ச்சி எழுதினாள்; பெயரில்லாத படங்களில் காதும் விரலும் வரைந்த விதத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்டாள். அந்த ஊர்ச் சபை ஒன்றின் ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினாலாம் ஆண்டுப் பொருள் பட்டியலில் ஒரு வரியைக் கண்டுபிடித்தாள்: மேஸ்திரி வெந்தூரா செய்த நம் பெருமாட்டி, பலகை, கழுத்தில் பெண்கள் கொடுத்த பவளமாலை, ஏழு ஆணிகளில்.

அவ்வளவுதான். அந்தப் படம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

"காதும் விரலும் ஒத்துப்போனால் இரண்டு படம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்," என்றார் அவளுடைய மேற்பார்வையாளராக இருந்த எலிசா. "ஒரு மனிதன் இருந்தான் என்று அதிலிருந்து வராது. உன்னிடம் இருப்பது ஒரு பட்டியல். படத்தைக் கொண்டுவா, பார்க்கலாம்." அது ஆறு வருடத்துக்கு முன். ஆர்த்திகா அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள், திரும்பிப் போகவில்லை. படிப்பு என்னாச்சு என்று கேட்கிற சொந்தக்காரர் வீடுகளுக்கும் போகவில்லை.

பிறகு சென்ற மாதம் மாமாவின் மகள் நிரோஜா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். 'அக்கா, இது உங்கடை ஏரியாவோ?' கழுத்தை மறைத்து ஒரு பெரிய பூமாலை, முகமெல்லாம் விளக்கு வெளிச்சம். ஆனால் பிள்ளையின் காது தெளிவாகத் தெரிந்தது. காய்ந்த அத்திப்பழத்தை நடுவில் கிள்ளிவிட்டதுபோன்ற காது. அதை நாலு வருடம் பார்த்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமையே லவாலுக்கு வந்து, மாலையை விலக்கி, கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். மாதாவின் கழுத்தைச் சுற்றி வளைவாகச் சின்ன ஓட்டைகள். எண்ணினாள். ஏழு. அதோடு மூளை நின்றுவிட்டது. மாமி தந்த தேத்தண்ணியைக் குடித்தாளா இல்லையா என்று ஞாபகமில்லை. பஸ்ஸில் இருந்தபடியே எலிசாவுக்கு எழுதினாள்.

இன்றைக்கு அதே கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்த்திகா பார்த்தபடி நின்றாள். இரண்டு பவுண் சங்கிலி. ஏழு பித்தளைக் கொளுக்கிகளில், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையில் திருகப்பட்டு, அளவெடுத்தாற்போல் அழகாகத் தொங்கியது.

"மாமி," என்றாள். "இது என்ன?"

"சங்கிலி."

"சங்கிலியெண்டு தெரியுது. எப்ப போட்டது?"

"நிரோஜா சோதினை பாஸ் பண்ணினவுடனை போட்டது. ரெண்டு தரம் பெயில் விட்டவள், தெரியும்தானே, அந்தச் சட்டச் சோதினை. மாதாவே, இந்த முறை பாஸ் பண்ணினால் என்ரை சங்கிலி உனக்கெண்டு நேர்த்தி வைச்சனான். ஒக்டோபரிலை றிசல்ட் வந்தது. அண்டைக்கே போட்டாச்சு."

"நான் போனமுறை வரேக்கை இருக்கேல்லையே!"

"கழட்டி வைச்சனாங்கள்."

"ஏன்?"

மாமி அவளை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீ படமெடுக்க வாறாய். எடுத்து ஆர் ஆருக்கோ அனுப்புவாய். இன்ன வீட்டிலை சாமி கழுத்திலை நகை கிடக்குதெண்டு ஊரெல்லாம் தெரியவேணுமோ? ரொக்ஸ்பரோவிலை போன வருசம் ரெண்டு தமிழ் வீட்டை உடைச்சவங்கள். உன்னிலை சந்தேகமில்லை, பிள்ளை. ஆனா வெளியாள் வந்தா நகையைக் கழட்டுறதுதானே முறை."

"நான் வெளியாளோ?"

"ஆறு வருசம் வராத பிள்ளை உள்ளாளோ?"

ஆர்த்திகா சங்கிலியின் பக்கம் திரும்பினாள். "இண்டைக்கு ஏன் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"புரபெசர் ஒராள் வாறா எண்டு சொன்னாய். பெரிய மனிசி வாற நேரம் மாதாவை வெறுங்கழுத்தோடை விடலாமோ?"

சிவநேசம் மாமா நிலவறையிலிருந்து படியேறி வந்தார். அறுபத்தைந்து வயது. எதையாவது திருத்தாத நாள் அவருக்குச் சீவியத்தில் இல்லை. கையில் ஒரு திருப்புளி இருந்தது.

"வா பிள்ளை. நேரத்தோடை வந்திட்டாய்."

"மாமா, இந்தக் கொளுக்கியளை ஆர் போட்டது?"

"ஏன், நான்தான்." குரலில் பெருமை இருந்தது. "சும்மா ஆணி அடிக்கேல்லை. அடிச்சா பழைய பலகை வெடிக்கும். ரெண்டு மில்லிமீற்றர் துளையூசியாலை மெல்ல மெல்லத் துளைச்சு, திருகினனான். பாத்தியே, ஒரு வெடிப்பும் இல்லை."

"ஏழையுமோ?"

"ஏழையும்."

ஆர்த்திகா படத்துக்குக் கிட்டக் குனிந்தாள். "முந்தி ஓட்டை இருக்கேல்லையோ? கழுத்திலை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இருந்தது."

"எத்தினை?"

"ஒரு நாலு. அஞ்சு இருக்கும். ஆறெண்டும் சொல்லலாம்."

"நாலோ, அஞ்சோ, ஆறோ?"

"நான் என்ன எண்ணிக்கொண்டே இருந்தனான்? அது கோணல்மாணலாக் கிடந்தது, பிள்ளை. சங்கிலி நேராத் தொங்கவேணுமெல்லே. சரியான இடத்திலை இருந்ததை அப்பிடியே பெருப்பிச்சன். மற்றதை மரப்பசை வைச்சு அடைச்சுப்போட்டு, பக்கத்திலை புதுசாத் துளைச்சன். வெள்ளை தெரியாமல் மண்ணிறப் பேனையாலை விளிம்பைச் சுத்திப் பூசியும் விட்டனான். உனக்கே கண்டுபிடிக்க ஏலாமல் போச்சே!" சிரித்தார்.

"ஏன் ஏழு?" அவளுடைய குரல் மேலே போயிற்று. "எட்டில்லை, ஆறில்லை, ஏன் மாமா ஏழு?"

"டொலர் கடைப் பக்கெட்டிலை எட்டுக் கொளுக்கி வரும். ஒண்டு கீழை விழுந்து துலைஞ்சுபோச்சு."

ஆர்த்திகா சாமி அறை வாசலில் நிலத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. மாமாவைத் தூக்கி வெளியே பனிக்குள் எறிய வேண்டும்போல் இருந்தது. தன்னையும் சேர்த்து எறிய வேண்டும். மூன்று கிழமையாக எலிசாவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் 'ஏழு' என்ற சொல் இருந்தது. ஒன்றில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

"சங்கிலிக்கு முதல் எடுத்த படம் ஏதும் இருக்கோ? கழுத்துத் தெரியிற மாதிரி?"

"எல்லாத்திலையும் மாலை போட்டிருக்கு," என்றார் மாமி. "மாலை போடாமல் சாமியை ஆர் படமெடுக்கிறது?"

மணி பன்னிரண்டரை. ஆர்த்திகா எழுந்தாள்.

"மாமா, சங்கிலியைக் கழட்டுங்கோ. கொளுக்கியையும் கழட்டுங்கோ. போனமுறை மாதிரி. அவ வந்து போகுமட்டும் இதைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம்."

மாமா திருப்புளியோடு நின்றார். "ஏன் பிள்ளை, பிழையோ?"

"பிழைதான்."

"ஆருக்குப் பிழை? எங்கடை வீட்டுச் சாமி."

"இஞ்சருங்கோ, பிள்ளை கேக்குது, கழட்டுங்கோ," என்றார் மாமி. "நான் வாயே திறக்கமாட்டன். எனக்கு பிரெஞ்சு தெரிஞ்சால்தானே. நீங்கள்தான் ஆரைக் கண்டாலும் அலட்டுவியள்." பிறகு ஆர்த்திகாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "இது ஆர் கீறினதெண்டால் என்ன, பிள்ளை? மாதாவெண்டு தெரியுதுதானே?"

மாமா ஏழு கொளுக்கிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். ஏழு ஓட்டைகளும் அப்பாவியாக அவளைப் பார்த்தன.

எலிசா சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபதைத் தொட்ட, உயரமான பெண். ஸன்-லெயனாரில் இத்தாலியத் தாய்க்குப் பிறந்து வளர்ந்தவர்; இந்த மாதிரி வீடுகளில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆர்த்திகாவின் கையைப் பிடித்து, "மெலிந்துவிட்டாய்," என்று பிரெஞ்சில் சொன்னார். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் முன் போனார்.

முதலில் நின்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நின்று பார்த்தார். கீழ் விளிம்பைப் பார்ப்பதற்காக முழங்காலில் இருந்தார்.

"பாவம், நல்ல பக்தியான மனிசி," என்று மாமி பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்.

மாமா படத்தை மெதுவாக இறக்கிப் பிடிக்க, எலிசா பின்பக்கத்துச் சுங்கச் சீட்டைப் பார்த்தார். பலகையின் வெட்டைப் பார்த்தார். படம் திரும்பத் தட்டுக்குப் போனதும் பிள்ளையின் காதில் நெடுநேரம் நின்றார். கடைசியாகக் கழுத்துக்கு வந்தார். கண்ணாடியைத் தூரப் பிடித்து, விரலை நீட்டித் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ணினார். ஆர்த்திகாவும் மனதுக்குள் கூடவே எண்ணினாள், வேறு எண்ணிக்கை வந்துவிடும் என்பதுபோல.

"ஏழு," என்றார் எலிசா.

விளக்கை அணைத்து, நெற்றியிலிருந்து கழற்றி, குசினி மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மாமி தேத்தண்ணியும் வடையும் வைத்தார். எலிசா ஒரு வடையை எடுத்துக் கடித்து, தலையை ஆட்டினார். அது வடைக்கா படத்துக்கா என்று தெரியவில்லை.

"ஆர்த்திகா, காதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை," என்றார். "காது நல்ல காதுதான். ஆனால் காதை வைத்து நான் யாருக்கும் பெயர் கொடுக்கமாட்டேன். இது வேறு. பட்டியலில் ஏழு, பலகையில் ஏழு, அன்கோனாச் சீட்டு. அடுத்த வருடம் வருகிற என்னுடைய நூலில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவேன். கண்டுபிடித்தவர் என்று உன் பெயர் இருக்கும்." தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அன்றைக்கு என் அறையில் உன்னோடு நான் பேசிய விதம் சரியில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்."

இந்த வசனத்தை ஆர்த்திகா ஆறு வருடமாகப் பல விதமாகக் கேட்டிருக்கிறாள். பார்சல் ஓடும் பட்டியின் முன்னால் நிற்கும்போது, குளிக்கும்போது, மெட்ரோவில். அவளுடைய கற்பனையில் எலிசா எப்போதும் இதைவிட நீளமாகப் பேசுவார். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடியும்வரை அவள் அதை அனுபவித்தாள். மாமா வாயைத் திறக்கவில்லை. மாமி இன்னொரு வடை வைத்தார். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

பிறகு சொல்லிவிட்டாள்.

நேர்மை என்று அதைச் சொல்ல முடியாது. நேர்மையாக இருந்திருந்தால் கொளுக்கிகளைக் கழற்றச் சொல்லியிருக்கமாட்டாள். வெந்தூரா என்று ஒருவர் இருந்தார் என்று நிறுவ அவள் நாலு வருடம் செலவழித்திருந்தாள். கடைசியில் அந்த மனிதர் டொலர் கடைப் பக்கெட் ஒன்றில் தொங்கிக்கொண்டு புத்தகத்துக்குள் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"அந்த ஓட்டைகளைத் துளைத்தது என் மாமா," என்றாள். "போன ஒக்டோபரில். இவருடைய மகள் சட்டச் சோதனை பாஸ் பண்ணியதற்காக மாமி ஒரு சங்கிலி போட்டார். முன்பு ஓட்டைகள் இருந்தன. எத்தனை என்று தெரியாது. சிலதைப் பெருப்பித்தார், சிலதை அடைத்தார், சிலது புதிது. எனக்கு இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். பன்னிரண்டரைக்கு நான்தான் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன்."

எலிசா வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சிவநேசம் மாமாவைப் பார்த்து, "ஐயா, இது உண்மையா?" என்றார்.

அவ்வளவு நேரமும் வாயைப் பூட்டி வைத்திருந்த மாமாவுக்கு அது போதும். பதினெட்டு வருடம் கன்னியாஸ்திரிகளோடு பேசிப் பழகிய பிரெஞ்சில், துளையூசியின் அளவு, மரப்பசையின் பெயர், மண்ணிறப் பேனை, எட்டாவது கொளுக்கி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். எழுந்து போய்த் துளையூசியையே கொண்டுவந்து காட்டினார். பலகை வெடிக்கவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார்.

"இல்லை," என்றார் எலிசா. "வெடிக்கவில்லை. மிகவும் கவனமாகச் செய்திருக்கிறீர்கள்." கண்ணை மூடி, மூக்கின் மேட்டை இரண்டு விரலால் அழுத்தினார். "உனக்குத் தெரியுமா, ஆர்த்திகா, சொல்லாமல் விட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன்."

"தெரியும்."

"மூன்று வருடத்தில் யாராவது ஒரு பொடியன் நுண்ணோக்கியில் திருகாணி வரியைக் கண்டுபிடித்திருப்பான். என்னையும் சேர்த்துக் கிழித்திருப்பான்."

"தெரியும்."

"அப்படியானால் என்னை ஏன் இவ்வளவு தூரம் கூப்பிட்டாய்? பன்னிரண்டு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாமே!" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "பாலத்து வாகன நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்றேன்!"

எலிசா மேலங்கியைப் போட்டுக்கொண்டு பொத்தான்களைத் தேடினார்.

"இப்போதைக்கு இது இத்தாலியின் மார்க்கே பகுதிப் பலகை, ஆயிரத்து ஐந்நூறு அளவில், வரைந்தவர் தெரியாது. அடைத்த ஓட்டைகளை ஸ்கேன் எடுத்தால் எண்ணலாம். ஆனால் அவை பழையவை என்பதற்கு என்ன சாட்சி? மடத்தில் யாராவது அடித்திருக்கலாம். இந்த ஐயாவைப்போல அங்கேயும் ஒரு ஐயா இருந்திருப்பார்."

"என்ன சொல்லுறா?" என்றார் மாமி.

"ஒண்டும் இல்லையாம்," என்றாள் ஆர்த்திகா. பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. பன்னிரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டிய கேள்வி. தூக்கம் இல்லாத தலை. "மாமா, நீங்கள் பெருப்பிக்கேக்கை அந்தப் பழைய ஓட்டையள் வெறுமையா இருந்ததோ?"

"வெறுமையோ? சிலதுக்குள்ளை கறள் பிடிச்ச ஆணி கிடந்தது. துளையூசி போகேல்லை. குறட்டாலை இழுத்தெல்லோ எடுத்தனான்."

எலிசாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆர்த்திகாவின் முகம் தெரிந்தது. பொத்தானில் இருந்த கை நின்றது.

"எத்தினை ஆணி?"

"மூண்டு. நாலா இருக்கும்."

"எறிஞ்சிட்டியளோ?"

சிவநேசம் மாமாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஆணியை ஆர் எறியிறது? கராஜுக்குள்ளை தகரத்திலை போட்டிருப்பன்."

கராஜின் பின்சுவர் முழுக்கத் தட்டு. தட்டு முழுக்கக் கோப்பித் தகரங்கள். ஆர்த்திகா பதினொன்றை எண்ணினாள். மாமா ஒன்றை இறக்கி மூடியைத் திறந்தார். விளிம்புவரை ஆணி. நிமிர்ந்த ஆணி, வளைந்த ஆணி, தலையில்லாத ஆணி, எல்லாம் ஒரே கறள் நிறம்.

"சனி ஞாயிறிலை பத்திநாதரோடை பழைய வீடு உடைக்கப் போறனான்," என்று விளக்கினார். "அவர் கொந்திராத்து எடுப்பார், நான் ஆணி பிடுங்குவன். முப்பது வருசத்து ஆணி. கனக்கச் சதுர ஆணி. இப்ப கடையிலை வாங்கேலாது."

"எந்தத் தகரத்துக்கை போட்டனீங்கள்?"

"கைக்குக் கிட்ட இருந்ததிலை."

எலிசா தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி, விளக்கில் பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தகரத்துக்குள் விழவிட்டார். "இரண்டு பக்கம் மட்டும் ஒடுங்கிப் போகிறது. மெஷினில் வெட்டிய ஆணி. இந்த ஊர் வீடுகளுக்கு அடித்தது. நமக்கு வேண்டியது கொல்லன் அடித்தது."

"நாலு பக்கமும் ஒடுங்கும்," என்றாள் ஆர்த்திகா. "எனக்குத் தெரியும்."

"தெரியும் என்றால் தேடு." கையில் ஒட்டிய கறளைக் கைக்குட்டையில் துடைத்தார். "கிடைத்தால், ஆய்வுகூடத்தில் இரும்பைப் பார்க்கச் சொல்கிறேன். ஸ்கேனுக்கும் எழுதுகிறேன். கிடைக்காவிட்டால் நான் இந்த வீட்டுக்கு வரவேயில்லை." வாசலில் மாமி வடைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். எலிசா மறுக்கவில்லை.

கார் போனதும் மாமி உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்தார்.

"மாமி, அதைத் திருப்பிக் கொழுவாதேங்கோ!"

"அப்ப மாதா வெறுங்கழுத்தோடையோ இருக்கிறது?"

"தட்டிலை வையுங்கோ. காலடியிலை. ஒரு மாசம்."

"நேர்த்தி கழுத்துக்கெண்டு வைச்சது. காலுக்கெண்டு வைக்கேல்லை."

"மாமி!"

"சரி, சரி, கத்தாதை. ஒரு மாசம். அதுக்குள்ளை நிரோஜாவுக்கு வேலையிலை ஏதும் நடந்தால் நீதான் பொறுப்பு."

ஆர்த்திகா கராஜின் சீமெந்து நிலத்தில் பழைய கம்பளம் ஒன்றை விரித்து முதல் தகரத்தைக் கவிழ்த்தாள். பார்சல் கிடங்கு மேற்பார்வையாளருக்கு இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். காரணம் எழுதவில்லை. மாமா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானும் ஒரு குவியலை இழுத்தார்.

"இது பார். சதுரம்."

"ரெண்டு பக்கம்தான் ஒடுங்குது. வேண்டாம்."

"இது?"

"அது திருகாணி, மாமா."

"கறள் பிடிச்சிருக்கு, அதாலை கேட்டனான்."

முதல் தகரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. விரல் நுனிகள் செம்மஞ்சளாகி, குளிரில் மரத்துப்போயின. ஒவ்வொரு ஆணியையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல. மாமா இடையிடையே ஒவ்வொரு வீட்டின் கதையையும் சொன்னார். எந்த வீட்டில் எலி இருந்தது, எந்த வீட்டுக் கூரையில் பத்திநாதர் விழப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மாமி இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "கையைக் கழுவிப்போட்டுத் தின்னுங்கோ, கறள் பட்டால் ஏற்பு நோய் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். சோறு ஆறிக் கிடந்தது.

நாலாவது தகரத்தின் அடியில் ஒன்று கைக்கு வந்தது. மெலிது. ஒரு விரற்கணு நீளம். உருட்டினாள். நாலு பக்கமும் ஒடுங்கியது. தலை சம்மட்டியால் மூன்று நாலு தரம் தட்டியதுபோல் ஒழுங்கில்லாமல் இருந்தது. தலைக்குக் கீழே உடம்பு மேல்நோக்கி லேசாக வளைந்திருந்தது, மாலையின் நூல் நழுவாமல் பிடிப்பதற்கென்று வளைத்ததுபோல. ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டாள்.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அதே குவியலில் இன்னொன்று. அதே நீளம், அதே வளைவு.

இப்போது தொப்பியை மாமாவிடம் நீட்டினாள். அவர் இரண்டையும் உள்ளங்கையில் போட்டு, விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம். உதுதான்," என்றார். "குறட்டாலை கடிச்ச அடையாளமும் கிடக்கு, பார்."

அவள் மூச்சை விட்டாள்.

"இல்லை, பொறு," என்றார் மாமா. "ஸன்-ஹென்றியிலை ஒரு பழைய வீட்டுக் கதவிலையும் உப்பிடிச் சின்ன ஆணி ரெண்டு மூண்டு பிடுங்கின ஞாபகம் எனக்கு. அதுவும் வளைஞ்சுதான்..."

"மாமா."

"என்ன?"

"வாயைப் பொத்திக்கொண்டு மற்றத் தகரத்தைக் கவிழுங்கோ."

அவர் கவிழ்த்தார்.